ஆள்பவரின் நோயும் இறந்தவரின் முகமும்

அன்புள்ள எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த நாட்களைப் பற்றி முன்பு எழுதியபோது, முதலமைச்சரின் உடல்நிலையை அறிய மக்களுக்கு முழு உரிமை உண்டு என்றீர்கள். அண்மையில், நடிகர்களின் இழவு வீட்டில் மைக்கை நீட்டுபவர்களைக் கடுமையாகச் சாடியிருக்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? புகழில் வாழ்ந்தவர்கள் சாவில் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளலாமா? நம் ஊரில் சாவு வீடு யாருக்கும் மூடியதில்லை. பகையாளி வந்தாலும் உள்ளே விடுவோம். தனியுரிமை என்பதே நமக்கு வெளியிலிருந்து வந்த எண்ணமாகத் தோன்றுகிறது. தவிர, ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இறந்தவருக்குச் சட்டம் தராத ஓர் உரிமைக்காக நீங்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறீர்கள்?

அன்புடன்,
ச. மு., விருதுநகர்

அன்புள்ள ச. மு.,

கேட்க வேண்டியதை நேராகக் கேட்டதற்கு நன்றி. நான் எழுதியவை இரண்டு வேறு கேள்விகளைப் பற்றியவை. ஆட்சி யார் கையில் இருக்கிறது என்பது ஒன்று. ஒரு மனித உடலை யார் பார்க்கலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைக் கேட்க வேண்டிய நாட்களில் நம் ஊடகங்களில் பெரும்பாலானவை வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதிலோ எந்த எல்லையிலும் நிற்கவில்லை. என் கோபம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது முதல் அறிக்கை. நாட்கள் நகர நகர நோய்த்தொற்று, சுவாச உதவி என்று அறிக்கைகளின் சொற்கள் கனத்துக்கொண்டே போயின. அக்டோபர் 11 அன்று அவர் வசமிருந்த துறைகளை ஆளுநர் வித்யாசாகர் ராவ், ஓ. பன்னீர்செல்வத்திடம் ஒப்படைத்தார். முதலமைச்சரின் ஆலோசனையின் பேரில் என்று அந்த அறிவிப்பு சொன்னது. தீவிர சிகிச்சையில் இருப்பவர் எப்படி ஆலோசனை சொன்னார் என்று கருணாநிதி கேட்டார். எதிர்க்கட்சித் தலைவர்கள் மட்டும் கேட்கிற கேள்வியாக அது நின்றுபோனது. ஒவ்வொரு செய்தி அறையும் அன்றாடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அதே மாதக் கடைசியில், தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் தேர்தல்களுக்கான அ.தி.மு.க. வேட்பாளர் படிவங்களில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய இடது பெருவிரல் ரேகை இருந்தது. அரசு மருத்துவர் ஒருவர் சான்றளித்திருந்தார். அந்த ரேகை சுயநினைவோடு வைக்கப்பட்டதா? இதைவிடப் பொதுநலன் சார்ந்த மருத்துவக் கேள்வி ஒன்று இருக்க முடியாது. வழக்கு நடந்து, 2019 மார்ச் 22 அன்று, திருப்பரங்குன்றத்தில் ஏ.கே. போஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் போஸே காலமாகிவிட்டார்.

நடுவில் என்ன நடந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம். உடல்நிலை பற்றி வதந்தி பரப்பியதாகச் சமூக ஊடகங்களில் எழுதியவர்களைக் காவல்துறை கைது செய்தது. உடல்நிலை அறிக்கை கேட்டுப் போடப்பட்ட பொதுநல மனு, விளம்பரத்துக்கானது என்று தள்ளுபடியானது. அவர் இட்லி சாப்பிட்டார் என்று சொன்னதெல்லாம் பொய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மேடையில் சொல்ல 2017 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மாநிலமே அந்த இட்லிச் செய்தியை நம்பி நிம்மதியடைந்தது. அதை உறுதிப்படுத்தாமல் திரையில் ஓடவிட்டவர்கள் யாரும் பின்னர் வருத்தம் தெரிவித்து நான் கேட்டதில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தாலே போதும்.

தெரியாததைச் சொன்னதும் நடந்தது. டிசம்பர் 5 மாலை, அவர் இறந்துவிட்டார் என்று சில தமிழ்ச் சேனல்கள் அறிவித்தன. ராயப்பேட்டை கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மீண்டும் ஏறியது. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்தது என்று அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மருத்துவமனை வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்களை ஒரே நாளில் இரண்டு முறை அழ வைத்தார்கள். சில மணி நேரம் முந்திக்கொண்டதால் யாருக்கு என்ன கிடைத்தது?

இனி உடலுக்கு வருகிறேன். தமிழகத்தில் தலைவரின் நோய்ப்படுக்கைப் படத்துக்கு நீண்ட தேர்தல் வரலாறு உண்டு. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதாவால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருக்கும் படம் சுவரொட்டியானது. பிரச்சாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் வென்றார். 1984இல் புரூக்ளின் மருத்துவமனையில் அவர் தேறிவரும் காட்சிகள் வீடியோவாகி ஊர் ஊராகத் திரையிடப்பட்டன. ஆண்டிபட்டியில் கால் வைக்காமலே வென்றார். அந்த அரசியலை நீங்கள் எப்படி மதிப்பிட்டாலும் சரி, இரண்டு முறையும் படத்தில் இருந்தவரே வேட்பாளர். அவர் உயிரோடு இருந்தார். தன் படம் எதற்குப் பயன்படுகிறது என்பதை அவரால் அறிய முடிந்தது.

2017 டிசம்பர் 20 அன்று நடந்தது வேறு. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், தினகரன் அணியின் வெற்றிவேல் ஒரு வீடியோவை வெளியிட்டார். மருத்துவமனைக் கட்டிலில், இரவு உடையில், ஜெயலலிதா குழல் வைத்து எதையோ அருந்திக்கொண்டிருந்தார். தன்னை மக்கள் எந்தத் தோற்றத்தில் பார்க்க வேண்டும் என்பதில் வாழ்நாள் முழுவதும் கண்டிப்பாக இருந்த பெண் அவர். இறந்து ஓராண்டு கழித்து, எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியாத நிலையில், அந்தக் காட்சி மீண்டும் மீண்டும் ஓடியது. தேர்தல் ஆணையம்தான் நிறுத்தச் சொன்னது. அதுகூட வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்துக்கான தேர்தல் விதியைக் காட்டி. இது ஒரு நோயாளியின் உடல், இதைக் காட்ட மாட்டோம் என்று ஆசிரியர் நாற்காலியிலிருந்து வந்திருக்க வேண்டிய சொல் வரவில்லை.

வீடியோவில் செய்தி இருந்ததே என்பீர்கள். இருந்தது. அவர் எப்போதாவது நினைவோடு இருந்தாரா என்ற சந்தேகத்துக்கு அது ஒரு சான்றாகலாம். விசாரணை ஆணையத்தில் ஒப்படைத்து, இப்படி ஒரு பதிவு இருக்கிறது, அதன் தேதி இன்னும் உறுதியாகவில்லை என்று ஒரு பத்தியில் எழுதியிருந்தால் செய்தி முழுமையாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அவருடைய கால்களை நாம் பார்த்திருக்க வேண்டிய தேவை இல்லை. ராஜாஜி மண்டபத்தில் பச்சைப் பட்டுப் புடவையில் அவரைக் கிடத்தி மக்களுக்குக் காட்டியதை நான் குறை சொல்ல மாட்டேன். அது விடைகொடுப்பதற்காக, அவருடைய தோற்றத்தின் மரியாதை குறையாமல் காட்டப்பட்ட முகம்.

நோய் பற்றிய உண்மையையும் உடலின் படத்தையும் பிரித்துப் பார்க்க முடியுமா என்பவர்களுக்கு பிரான்சு நல்ல உதாரணம். அதிபர் மித்தரானுக்குப் புற்றுநோய் இருப்பது, அவர் பதவியேற்ற 1981ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மக்களுக்குப் பொய்யான உடல்நல அறிக்கைகள் தரப்பட்டன. 1996 ஜனவரி 8 அன்று அவர் இறந்தார். சில நாட்களிலேயே அவருடைய மருத்துவர் குப்ளேர் இந்த உண்மையைச் சொல்லும் நூலை வெளியிட்டார். குடும்பத்தினர் வழக்குத் தொடுக்க, மறுநாளே தடை வந்தது. 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னதை நம் ஆசிரியர்கள் படிக்க வேண்டும். குடும்பம் துக்கத்தில் இருந்த அந்த நாட்களில் போட்ட தற்காலிகத் தடை சரி. ஆனால் மாதங்கள் கடந்த பின்னும் தடையை நீட்டித்தது தவறு, ஏனெனில் நாட்டின் தலைவரது நோய் மறைக்கப்பட்டது பொது விவாதத்துக்குரியது. அதே ஜனவரியில் ‘பாரி மாட்ச்’ இதழ், மரணப் படுக்கையில் கிடந்த மித்தரானின் படத்தை அனுமதியின்றி வெளியிட்டது. அதைப் பிரெஞ்சு நீதிமன்றங்கள் குற்றம் என்றன. உயிரோடு இருந்தாலும் இறந்தாலும் ஒருவரின் உருவத்தை இப்படி எடுக்கக் கூடாது என்பது 1998 தீர்ப்பின் சாரம். ஒரே மனிதர், ஒரே மரணம். நோய் பற்றிய உண்மை மக்களுக்கு, உடல் குடும்பத்துக்கு.

இப்போது புகழில் வாழ்ந்தவர்களுக்கு வருவோம். நடிகரிடம் எந்தக் கோப்பும் இல்லை. அவர் கையெழுத்தை நம்பி எந்தத் தொகுதியும் இல்லை. சிவகாசி அருகே மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி, 2018 பிப்ரவரி 24 அன்று துபாய் ஓட்டல் ஒன்றில் இறந்தார். மாரடைப்பு என்று முதலில் செய்தி வந்தது. நினைவிழந்து நீரில் மூழ்கியதாக இரண்டு நாள் கழித்துத் தடயவியல் அறிக்கை சொன்னது. 27ஆம் தேதி துபாய் அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரணையை முடித்துக்கொண்டது. காரணம் மாறியதைச் செய்தியாக எழுதலாம், எழுத வேண்டும். அதற்கு நான்கு வாக்கியங்கள் போதும். நம் நாட்டுச் சேனல்கள் செய்தது என்ன? செய்தி அரங்கில் குளியல் தொட்டியின் படத்தை எழுப்பின. ஒரு தெலுங்குச் சேனலின் நிருபர் தொட்டிக்குள்ளேயே படுத்துக் காட்டினார். ஸ்ரீதேவி எவ்வளவு குடித்திருந்தார், கணவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று இரவெல்லாம் அலசினார்கள். இரண்டு மகள்கள் தாயின் உடலுக்காக மும்பையில் காத்திருந்த நாட்கள் அவை. டிக்கெட் வாங்கிய நமக்கு அவருடைய நடிப்பைப் பார்க்கவும் பேசவும் உரிமை உண்டு. குளியலறைக்கு அந்த டிக்கெட் செல்லாது.

சாவு வீடு மூடியதில்லை என்று சரியாகச் சொன்னீர்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன், அதனால்தான் மேற்கத்தியக் கதவடைப்பை நான் கேட்கவில்லை. ஆனால் திறந்த வீட்டுக்குள் நுழைபவருக்கு நம் ஊர் எத்தனை கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது! கையைப் பிடிக்க வேண்டும். பெண்கள் கட்டிக்கொண்டு அழ வேண்டும். மாலையோ கோடியோ கொண்டுபோக வேண்டும். எப்படி நடந்தது என்று கேட்பதானால் வாசலில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேட்போம், தலைவிரித்துக் கிடப்பவளிடம் கேட்க மாட்டோம். கிளம்பும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல மாட்டோம். அங்கே போகிற ஒவ்வொருவரும் துக்கத்தில் கொஞ்சத்தைச் சுமப்பதற்காகப் போகிறார்கள். ‘பைட்’ என்று சேனல்காரர்கள் சொல்லும் துண்டுப் பேட்டியை வாங்க வருபவர் எதையும் சுமப்பதில்லை, எடுத்துக்கொண்டு போகிறார். உடலைப் பார்த்துவிட்டுத் தள்ளாடி வெளியே வரும் மகனிடம் ‘இப்போது என்ன உணர்கிறீர்கள்’ என்று கேட்கும் வழக்கம் நம் பண்பாட்டின் எந்த மூலையிலும் இருந்ததில்லை. ஆகவே நம் மரபை அந்த கேமராவுக்குத் துணைக்கு அழைக்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றி. நீங்கள் சொல்லும் தீர்ப்பு 2021 ஏப்ரலில் வந்தது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படத்துக்கும் இணையத் தொடருக்கும் எதிராக அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கு. ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரையும் அந்தரங்கத்தையும் வாரிசுகள் சொத்தைப் போல அடைய முடியாது என்றது நீதிமன்றம். வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்வதைக் குடும்பம் தடுக்க முடியாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. இல்லையென்றால் எந்தத் தலைவரைப் பற்றியும் நேர்மையான வரலாறு எழுத முடியாது. ஆனால் கதை சொல்வது பற்றிய அந்தத் தீர்ப்பை, பிணவறைக்குள் கேமரா போகலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டாக்க முடியாது. மனிதருக்குள்ள கண்ணியம் இறந்த பிறகு அவர் உடலுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல் பற்றிய வழக்கில் வந்த வார்த்தை அது! கொலைக் கைதிக்குக் கிடைத்ததை நடிகைக்கு மறுப்பதா?

தீபா வழக்குத் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பு, 2021 ஜனவரி 18 அன்று, இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணச் செய்திகள் தொடர்பான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தற்கொலைச் செய்திகளில் இறந்தவரைப் பலவீனமான குணமுள்ளவராகக் காட்டுவதையும் அவருடைய அந்தரங்கத்தில் எந்த வகையிலும் நுழைவதையும் தவிர்க்கச் சொன்னது. இறந்தவருக்கு அந்தரங்கம் உண்டு என்று வைத்துத்தானே ஒரு நீதிமன்றம் இப்படிப் பேச முடியும்? சட்டம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிரஸ் கவுன்சிலின் அதிகாரம் அச்சு ஊடகத்தோடு நின்றுவிடுகிறது. அதுவும் கண்டிக்கலாம், தண்டிக்க முடியாது. யூடியூப் சேனலுக்கு அந்தக் கண்டனமும் இல்லை. ஆகவே இன்று இந்த எல்லை, படத்தைப் போடலாமா என்று முடிவெடுக்கும் ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. நான் கோபப்படுவது அவரிடம்தான்.

ஊடகம் குறைவாகக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். ஒரு முதலமைச்சர் நினைவிழந்து கிடந்தால் அதை யார் அறிவிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள், பொறுப்பு யாரிடம் போகும் என்பதற்கு நம் அரசியலமைப்பில் தெளிவான வழிமுறை இல்லை. அமெரிக்கர்கள் தங்கள் அதிபருக்கு 1967லேயே திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள். 2016இல் அந்தப் பள்ளத்தை நாம் கண்ணால் பார்த்தோம். பிறகு ஜெயலலிதாவின் மரணத்தை விசாரிக்க அமைந்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, இறந்த நேரம் எது, யார் மீது தவறு என்று விவாதங்கள் நடந்தன. அந்தப் பள்ளத்தை மூட என்ன செய்யப்போகிறீர்கள் என்று அமைச்சர்களிடமும் எதிர்க்கட்சியிடமும் தொடர்ந்து கேட்ட ஒரு நிகழ்ச்சியை நான் பார்க்கவில்லை. இழவு வீட்டு வாசலில் நாள் முழுக்க நிற்கும் அந்த மைக்குகளைத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்புங்கள் என்றுதான் ஆசிரியர்களைக் கேட்கிறேன். நீங்களும் அவர்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்.