பிள்ளைகள் இல்லாத நேரத்தில் என்ன பேசப் போகிறீர்கள்?

கேள்வி: நாங்கள் புதுச்சேரிக்காரர்கள், பல வருடமாகப் பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். மகன் ஒரு செக் பெண்ணை மணக்கிறான். ஜூனில் செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் பதிவுத் திருமணம். பெண் நன்றாகப் பிரெஞ்சு பேசுவாள். அவள் பெற்றோருக்குச் செக் மட்டும்தான். மகனுக்கும் எங்களுக்கும் செக் தெரியாது. தனியாகத் தொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடுவது? முதல் நாள் இரவு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், சம்பந்தி வீட்டாரோடு கொஞ்சம் பேசவும் அவர் வேண்டும்.

பதில்: ஆள் கிடைப்பது பெரிய விஷயமில்லை, அதை முதலில் முடித்துவிடுகிறேன். மணமக்களில் ஒருவருக்குச் செக் தெரியாவிட்டால், அரசு அங்கீகாரம் பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அங்கே நின்றால்தான் பதிவுத் திருமணம் நடக்கும். அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, மொழிவாரியாகத் தேடலாம். 2021 முதல் பேச்சுக்கு ஓர் அங்கீகாரம், ஆவணங்களுக்கு வேறு அங்கீகாரம். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தவரே திருமணத்துக்கும் வரலாம் என்று நினைக்காமல், இரண்டும் உண்டா என்று கேளுங்கள். பாரிஸிலிருந்து ஆளைக் கூட்டிப்போனால் பயணச் செலவும் தங்கும் செலவும் உங்கள் தலையில்தான். பிர்னோவிலோ பிராகிலோ இருப்பவரைப் பிடியுங்கள். சீக்கிரம் பிடியுங்கள். நமக்கு ஆடி மாதிரி அவர்களுக்கு மே மாதம் கல்யாணத்துக்கு ஆகாது, அதனால் ஜூனில் கூட்டம். சாப்பாட்டு மேசையில் பேச அங்கீகாரம் தேவையில்லை. பிராகில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள்.

சரி, 'பிள்ளைகள் இல்லாத நேரத்தில்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதென்ன பேச்சு? நகையா, செலவா, பேரப்பிள்ளைக்கு என்ன மதம் என்பதா? பெண்ணுக்குத்தான் பிரெஞ்சு வருமே, அவளை விட்டுவிட்டு வெளியாளைத் தேடும்போதே தெரிகிறது, அவள் காதில் விழக்கூடாத விஷயம் அது.

ஒரு சித்தப்பாவோ மாமாவோ நடுவில் இருந்தால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மழுப்பிச் சொல்வார். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் அப்படிச் செய்யமாட்டார். நீங்கள் கேட்டதைக் கேட்டபடியே, 'நான்' என்று உங்கள் குரலாகவே சொல்வார். ரகசியம் காப்பது அவர் தொழில் தர்மம். பெண்ணின் தாய்க்கு அப்படி என்ன கட்டாயம்? விடிவதற்குள் விஷயம் மகளிடம் போய்விடும். கல்யாணத்தன்று காலையில் அவள் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

சம்பந்திகள் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். 'அது அவங்க ரெண்டு பேர் விஷயம்' என்று கைகழுவும் பெற்றோரை எனக்குப் பிடிக்காது. ஆனால் பெரியவர்கள் பேச வேண்டியதைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் முன்னாடியே பேச வேண்டும். முந்தின இரவில் திருட்டுத்தனமாகப் பேசுவது பெரியவர்கள் செய்கிற காரியமா? பெற்ற மகனிடம் கேட்கத் துணிவில்லாததை, கூலி கொடுத்து ஒரு வெளியாள் வாயால் கேட்கவைக்காதீர்கள்.

மகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவனும் அவளும் கூட இருக்க, வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரத்துக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுங்கள். என்ன பேசப் போகிறீர்கள் என்று அவருக்கு முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். மகன் வேண்டாமென்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். முதல் நாள் விருந்துக்கும் அவரே வரட்டும், பிள்ளைகளும் இருக்கட்டும். அவருக்கும் ஒரு தட்டு வைத்து, சாப்பிட நேரம் கொடுங்கள்.