ஒரே ஒரு ரிப்போர்ட்ட நம்பி ஊசி போட்டுக்காதீங்க
46 வயசு, சோர்வு, செக்ஸ் ஆசையும் குறைஞ்சிருக்கு, சாயங்காலம் எடுத்த டெஸ்ட்ல டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) 270 ng/dL, ஜிம்ல அந்த ஹார்மோன் ஊசி போடச் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க, தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க ப்ரோ. இந்த ஹார்மோன் காலைலதான் உச்சத்துல இருக்கும், அதனால 10 மணிக்குள்ள வெறும் வயித்துல, வேற வேற நாள்ல ரெண்டு தடவை எடுத்து ரெண்டுமே 300க்குக் கீழ இருந்தாதான் பொதுவா கம்மின்னு எடுத்துப்பாங்க. கூடவே எல்ஹெச், ப்ரோலாக்டின்னு மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி விடற ரெண்டு ஹார்மோனையும் பாருங்க, கோளாறு விரையிலயா பிட்யூட்டரியிலயான்னு அப்பதான் பிடிபடும். ராத்திரி பயங்கரமா குறட்டை, தொப்பையும் ஏறிடுச்சுன்னு போற போக்குல சொல்லியிருக்கீங்களே, எனக்கு அதுதான் உறுத்துது, ஸ்லீப் ஏப்னியா (தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நிக்கறது) இருந்தாலே இதே சோர்வு, ஆசை குறையறது எல்லாம் வரும், எடையக் குறைச்சா டெஸ்டோஸ்டிரோன் அளவு தானாவே கொஞ்சம் ஏறும். இன்னொரு குழந்தை வேணும்னா ஊசி பக்கமே போகாதீங்க, விந்தணு உற்பத்தியே நின்னுடலாம். முதல்ல எண்டோகிரைனாலஜிஸ்ட்ட, அதாவது ஹார்மோன் டாக்டரப் பாருங்க.