லேவியராகமம் 13-ல் நின்றுபோன மகனுக்கு

கேள்வி: எனக்கு 37 வயது. கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. லுத்தரன் சபையில் வளர்ந்தவன். ஜெபம், வேதவாசிப்பு என்று தினமும் சின்னச் சின்னப் பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டு விசுவாசத்தில் வளர வேண்டும் என்று மூன்று வருடமாகப் பாடுபடுகிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் வேதாகமம் முழுவதையும் ஒரே வருடத்தில் வாசிக்கும் அட்டவணையோடு தொடங்குவேன். பிப்ரவரி முதல் வாரம், லேவியராகமத்தில் குஷ்டரோகச் சட்டங்கள் வந்ததும் நின்றுவிடும். செல்போன் செயலியில் 32 நாள்வரை கணக்கு ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள், எனக்கு ஆகவில்லை. மத்தேயு 6-ல் சொன்னபடி அதிகாலை 4.30-க்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். இல்லாவிட்டால் பக்கத்து அறையிலிருந்து அம்மா ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். வாசிப்பது அம்மாவின் பெரிய எழுத்து வேதாகமம். கண் அழுத்த நோயால் பார்வை மங்கிவிட்டதால் இப்போது அது அவருக்குப் பயன்படுவதில்லை. ஓரமெல்லாம் பென்சிலால் பெயரும் தேதியுமாக எழுதி வைத்திருப்பதால் எனக்குக் கவனம் சிதறுகிறது. உள்ளே இருந்த பழைய குருத்தோலைச் சிலுவையை அடையாளத்துக்கு வைத்துக்கொள்கிறேன். அம்மாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவளக்குப்பம் கண் ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் அழைத்துப்போகிறேன். காலையும் இரவும் இரண்டு வகைச் சொட்டு மருந்தை அவரே போட்டுக்கொள்கிறார். மனைவியும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் உடன் இருக்கிறார்கள். பழக்கம் நிலைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, மனம் தளராதீர்கள், கர்த்தர் உங்கள் முயற்சியைப் பார்க்கிறார் என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி எழுத இன்று எனக்குக் கை வரவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கண் ஒரே இடத்தில்தான் நின்றது. ‘இப்போது அது அவருக்குப் பயன்படுவதில்லை.’

யார் சொன்னது? அம்மா சொன்னாரா? மங்கியது பார்வைதானே, காது நன்றாக இருக்கிறதல்லவா? விடியற்காலை நீங்கள் எழுந்து நடமாடும் சத்தம் கேட்டுத்தானே அவர் கூப்பிடுகிறார்? வாழ்நாளெல்லாம் வாசித்த புத்தகம் கையை விட்டுப் போய்விட்டது. அது பக்கத்து அறையில், பெற்ற மகனின் மடியில் திறந்து கிடக்கிறது. நடுவே ஒரு கதவு. அந்தக் கதவைச் சாத்தியவர் நீங்கள். நீங்களோ வாய்விட்டுக்கூடப் படிப்பதில்லை.

அடுத்து அந்தப் பென்சில் எழுத்து. கவனம் சிதறுகிறதாம்! நம் அம்மாக்கள் வேதாகமத்தின் ஓரத்தில் சும்மா கிறுக்குவதில்லை, தம்பி. பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாய் அடித்த ராத்திரி, பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கிய நாள், வீட்டுக்காரர் சம்பளமில்லாமல் இருந்த மாதம், இதையெல்லாம் எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு கடந்தார்களோ அந்த வசனத்துக்குப் பக்கத்தில் தேதி போட்டு வைப்பார்கள். கடலூர்க்காரர் உங்கள் அம்மா. 2004 டிசம்பர் 26 என்று எங்காவது இருக்கிறதா, பாருங்கள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அது. 2011 டிசம்பர் 30 இருக்கிறதா? தானே புயல் கரை கடந்த நாள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை தேதி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தினசரிப் பழக்கத்தை எப்படிக் கட்டுவது என்று என்னிடம் கேட்கிறீர்கள். அட்டவணையும் செயலியும் இல்லாமல், சமையலுக்கும் துவைப்பதற்கும் நடுவே அதைக் கட்டிய ஒருத்தியின் கணக்குப் புத்தகம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை இடைஞ்சல் என்கிறீர்கள்.

கதவுக்கு மத்தேயு 6-ஐத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அதிகாரத்தை ஐந்தாம் வசனத்திலிருந்து மறுபடி வாசியுங்கள். ஜெப ஆலயங்களிலும் வீதிச் சந்திகளிலும் நின்று, மனுஷர் காணும்படி ஜெபம்பண்ணுகிறவர்களைப் பார்த்து ஆண்டவர் சொன்னது அது. பெருமை உள்ளே வராமலிருக்கச் சாத்தும் கதவு. ‘யாரு, தம்பியா? மணி என்ன ஆச்சு?’ என்று கேட்கும் தாயை வெளியே நிறுத்த அல்ல. அதே ஆண்டவர் மாற்கு 7-ல், பெற்றவர்களுக்குச் சேர வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார் என்பதையும் பாருங்கள். உங்கள் 4.30 மணி அப்படியொரு கொர்பான் ஆகிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் வருடா வருடம் நிற்பது லேவியராகமம் 13-ல். இன்னும் ஆறு அதிகாரம் தள்ளிப் போயிருந்தால் 19-க்கு வந்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். மூன்றாம் வசனம் தாய் தகப்பனுக்குப் பயந்திருக்கச் சொல்கிறது. பதினாலாம் வசனம் ‘குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும்’ என்கிறது. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு என்பது முப்பத்திரண்டாம் வசனம். மூன்று வருடமாக இதன் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறீர்கள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரம். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம் ஓட வேண்டும். ஷிப்ட் வேலைக்காரருக்கு அது சின்னப் பழக்கமே அல்ல. அந்த அட்டவணையை விடுங்கள். 21 நாள் கதையையும் விடுங்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. ஒரு செயல் தன்னாலே வரும் பழக்கமாக சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை. உங்கள் செயலிதான் ஒரு நாள் விட்டால் எல்லாவற்றையும் அழித்துப் பூஜ்யம் போடுகிறது. அழிப்பது அது, கர்த்தர் அல்ல.

அந்த ஆய்வில் ஒவ்வொருவரும் தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு, காலைச் சாப்பாடு மாதிரி, புதிய செயலை முடிச்சுப் போட்டார்கள். நீங்கள் கடிகாரத்தோடு முடிச்சுப் போட்டீர்கள். காலையில் தொடங்கும் ஏ ஷிப்டுக்குப் போகிறவனுக்கு 4.30 சரி. இரவு ஷிப்டான சி ஷிப்டில் அந்த நேரம் இயந்திரத்தின் முன்னே நிற்பீர்கள். பி ஷிப்ட் முடித்துப் பதினொரு மணிக்கு வீடு வந்தவன் நாலரைக்கு எழுந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? பழக்கம் அறுந்தது உங்கள் விசுவாசக் குறைவால் அல்ல, முடிச்சுப் போட்ட இடம் தப்பு. உங்கள் வீட்டில் ஷிப்ட் மாறினாலும் மாறாத ஒன்று இருக்கிறது. அம்மாவின் சொட்டு மருந்து.

பார்வை மங்கியவர் தனக்குத்தானே மருந்து போட்டுக்கொள்வதை என்றைக்காவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தலையை அண்ணாந்து, குப்பியைக் குத்துமதிப்பாகப் பிடித்து அழுத்துவார். பாதி கன்னத்தில் வழியும். விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு சொட்டு. இந்த நோயில் போன பார்வை திரும்பாது. மீதி இருப்பதைக் காப்பது அந்தச் சொட்டுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைத்துப்போவது நல்லது, சந்தோஷம். நாள்தோறும் இரண்டு வேளை யார் பார்ப்பது?

இனி நீங்கள் போடுங்கள். கையைக் கழுவிவிட்டுக் கீழிமையை மெல்ல இழுத்து, குப்பியின் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூக்கோரத்து மூலையை விரலால் ஒரு நிமிடம் லேசாக அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி விட வேண்டும். அந்த ஐந்து நிமிடம்தான் உங்கள் வேதவாசிப்பு, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, சத்தமாக. 23-ஆம் சங்கீதத்துக்கு ஆறு வசனம், 121-க்கு எட்டு. இரண்டாவது மருந்து போட்டபின் கர்த்தருடைய ஜெபம். ஏ ஷிப்டில் இரவு வேளை உங்களுடையது, பி ஷிப்டில் காலை வேளை. சி ஷிப்டில் கிளம்புமுன்னும் போடலாம், திரும்பி வந்தும் போடலாம். மற்ற வேளையில் வீட்டில் இருப்பவர் மருந்து போட, மகள் வாசிக்கட்டும். எழுத்துக்கூட்டித் தடுமாறினாலும் பாட்டி எடுத்துக்கொடுப்பார். ஆனால் உங்கள் வேளையை மனைவி தலையில் கட்டாதீர்கள். மருமகள் செய்வது அவளுடைய நல்ல மனசு, மகன் செய்வது கடமை. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

உங்கள் லுத்தரன் சபைக்கு இது புதிதும் இல்லை. மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்றுதான் பகுதிக்குப் பகுதி தலைப்பு வைத்தார். அதிலுள்ள காலை ஜெபமும் இரவு ஜெபமும் சில வரிகள்தான். காலை ஜெபம் முடிந்தால் சந்தோஷமாக வேலைக்குப் போ, இரவு முடிந்தால் உடனே தூங்கு என்கிறார்.

நான் கத்தோலிக்கப் பெண். புதுச்சேரி நெல்லித்தோப்பில், அப்பா படுக்கையாய்க் கிடந்த காலத்தில், தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போவதைப் பெரிய பக்தியாக நினைத்தேன். அப்பா வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒரு நாள் மழையில் கோயிலுக்குப் போக முடியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையைத் தொடங்கினேன். சாப்பிட்டோமா இல்லையா என்றே நினைவில்லாத மனிதர், ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ என்று பழைய தமிழில் பதில் சொன்னார். 53 மணிக்கும் ஒன்று தப்பவில்லை. அதன்பின் எட்டு மாதம்தான் இருந்தார். அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதனால்தான் உங்களை இவ்வளவு கண்டிக்கிறேன்.

உங்களுக்கென்று ஒரு வேதாகமம் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக அமைதியில் ஜெபிக்க ஆசையிருந்தால் அதன்பின் ஜெபியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அம்மாவின் வேதாகமத்தை இன்றைக்கே அவர் தலைமாட்டில் கொண்டுபோய் வையுங்கள். குருத்தோலையை லேவியராகமத்திலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, முன்பு இது எந்த இடத்தில் இருந்தது என்று கேளுங்கள். வாசிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.