பயாப்ஸி அறிக்கையில் பி53: அம்மாவின் நோய்ப்போக்கை அது சொல்லுமா?

கேள்வி: அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய், ஹைகிரேடு சீரஸ் என்ற, வேகமாக வளரும் வகை. அறிக்கையில் பி53 மாறுபட்ட வகை, டபிள்யூடி1 பாசிட்டிவ், கேஐ-67 70 சதவீதம், பிஆர் நெகட்டிவ் என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது. நோய் எப்படிப் போகும் என்று இதிலிருந்து தெரியுமா?

பதில்: இந்த வரிகளைப் படித்துவிட்டு எத்தனை இரவு தூங்காமல் இருந்தீர்களோ! இவை கட்டித் துணுக்கில் சாயமேற்றிப் பார்க்கும் புரதங்கள். பி53, டபிள்யூடி1 உட்பட இவற்றில் பெரும்பாலானவை இது எந்த வகைப் புற்றுநோய் என்று உறுதிசெய்யப் பார்க்கப்பட்டவை. ஆயுளைக் கணிக்க அல்ல.

பி53 புரதம் இயல்பான செல்லில் உருவான வேகத்திலேயே சிதைந்துவிடும். அதனால் சாயம் அங்கங்கே லேசாகத்தான் ஏறும். அதை உருவாக்கும் மரபணு பழுதானால் புரதம் சிதையாமல் செல்கருவில் குவிந்து, சாயம் அடர்த்தியாகப் பிடிக்கும். சிலருக்குப் புரதமே உருவாகாமல் சாயம் துளியும் ஏறாது; அதுவும் கோளாறுதான். ஆக, பி53 துளியும் இல்லை என்று வந்தாலும் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011இல் வந்த பெரிய மரபணு ஆய்வில், இந்த வகைக் கட்டிகளில் 96 சதவீதத்தில் இந்த மரபணு பழுதாகியிருந்தது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும் ஒன்றை வைத்து, யாருக்கு நன்றாகப் போகும், யாருக்குப் போகாது என்று எப்படிப் பிரிப்பது?

கேஐ-67 எத்தனை செல்கள் பிளந்து பெருகுகின்றன என்பதைக் காட்டுவது. இந்த வகையில் அது பொதுவாகவே அதிகம்தான்.

சரி, பிஆர் (புரொஜெஸ்டிரோன் ஹார்மோனை ஏற்கும் புரதம்)? 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பிஆர் வலுவாக இருந்த பெண்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். ஆனால் இந்த வகையில் பலருக்கும் அது நெகட்டிவ்தான். கூட்டத்தின் சராசரியை உங்கள் அம்மாவின் தலைமேல் ஏற்றாதீர்கள்.

மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: எந்த நிலை? அறுவை சிகிச்சையில் கட்டி முழுவதும் நீங்கியதா? பிஆர்சிஏ (டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் மரபணுக்கள்), எச்ஆர்டி (கட்டிச் செல்லால் டிஎன்ஏவைச் சரிவரப் பழுதுபார்க்க முடியாத நிலை) பரிசோதனை செய்தாயிற்றா? நோய்ப்போக்கை இவைதான் அதிகம் சொல்லும். பிஆர்சிஏ பழுது இருந்தால் பார்ப் என்ற, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் நன்றாகக் கைகொடுக்கும்.

அப்புறம், பயாப்ஸி பிளாக்கை (மெழுகில் பதித்த கட்டித் துணுக்கை) பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பிளாட்டினம் வகைக் கீமோ மருந்துக்கு நோய் கட்டுப்படாமல் போனால், ஃபோலேட் ரிசெப்டார் ஆல்ஃபா என்ற புரதத்தை அதில் பார்ப்பார்கள். குறைந்தது 75 சதவீதச் செல்களில் சாயம் மிதமாகவோ அழுத்தமாகவோ ஏறினால், அதைக் குறிவைக்கும் மிர்வெடுக்சிமாப் மருந்துக்கு வாய்ப்புண்டு.

கீமோ தொடங்கியதும் ரத்தத்தில் சிஏ-125 எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். அதுவும் ஒரு புரதம்தான். முதல் மூன்று சுற்றுகளில் அது இறங்கும் வேகம், மருந்து வேலை செய்கிறதா என்பதை உங்கள் அம்மாவின் உடம்பிலிருந்தே சொல்லும்.