உயர்தரம் எழுதிவிட்டு யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். மடிக்கணினியில் விண்டோஸோடு, பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் நிரம்பிய காலி லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டுவிட்டேன். வலையமைப்பும் அதன் பாதுகாப்பும் அடிப்படையிலிருந்து படிக்க எங்கே தொடங்குவது?

காலியை இப்போதைக்கு மூடி வையுங்கள். (காலி நகருக்குப் போகிறவரும் முதலில் வீட்டுப் படலையைத் தாண்டத்தான் வேண்டும்.) அதிலுள்ள கருவிகளில் பல, ஒரு நெறிமுறை (கணினிகள் தமக்குள் கதைக்கும் விதி) யாரை விசாரிக்காமல் நம்புகிறது என்பதை வைத்தே வேலை செய்கின்றன. அந்த நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று முதலில் கண்ணால் பார்க்கவேண்டும்.

அதற்கு வீட்டு ரவுட்டரும் வலையில் போய்வரும் பொதிகளை (தரவுத் துண்டுகளை) பதிவுசெய்து காட்டும் இலவச மென்பொருளான வயர்ஷார்க்கும் போதும். வயர்ஷார்க்கில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் வைஃபை இடைமுகத்தைத் தெரிவுசெய்து பதிவைத் தொடங்குங்கள். பிறகு பிரவுசரைத் தொடாமல், விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் கேர்ல் கட்டளையால் எக்ஸாம்பிள் டொட் கொம் தளத்தைக் குறியாக்கமில்லாத எச்டிடிபியில் கூப்பிடுங்கள் (curl http://example.com). பிரவுசர் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அது, தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வியைக் குறியாக்கமுள்ள எச்டிடிபிஎஸ்ஸுக்குள் மறைத்து அனுப்பக்கூடும். பெரிய தளங்கள் பல, டிசிபிக்குப் பதிலாக யுடிபியின் 443 ஆம் போர்ட்டில் (சேவையைக் குறிக்கும் இலக்கம்) க்விக் என்ற நெறிமுறையில் ஓடுகின்றன. அங்கே, இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலைத் தேடினால் கிடைக்காது. வயர்ஷார்க் பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

பதிவில் வரிசையாக இவை தெரியும்: ரவுட்டரின் முகவரி (192.168.1.1 என்று வைப்போம்) எந்தக் கருவியிடம் என்று கேட்கும் ஏஆர்பி, 53 ஆம் போர்ட்டுக்குப் போகும் டிஎன்எஸ் கேள்வி, 80 ஆம் போர்ட்டோடு சின், சின்-ஆக், ஆக் என்ற மூன்று பொதிகளில் நடக்கும் டிசிபி கைகுலுக்கல், பிறகு பக்கத்தின் எழுத்துகள் அப்படியே. ஏஆர்பி வரவில்லையென்றால் பழைய பதில் கணினியின் நினைவில் இருக்கிறது. ஏஆர்பி அட்டவணையை அழித்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். அடுத்து அதே தளத்தை எச்டிடிபிஎஸ்ஸில் கூப்பிடுங்கள். இப்போது போர்ட் 443. எழுத்து எதுவும் வாசிக்க முடியாது, ஆனால் குறியாக்கத்தைத் தொடங்கும் முதல் டிஎல்எஸ் பொதியில் தளத்தின் பெயர் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். குறியாக்கம் எதை மறைக்கிறது, எதை மறைக்கவில்லை என்பது இந்த ஒப்பீட்டில் விளங்கும்.

இனி ஏஆர்பிக்குத் திரும்புங்கள். "192.168.1.1 நான்தான்" என்று யார் பதில் சொன்னாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். இடையில் புகுந்து ஒட்டுக்கேட்கும் தாக்குதலுக்கு வழிவிடுவது இதுதான். கணினிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபியும் அப்படியே: யார் கொடுத்தாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். இதைக் கெட்ட நோக்கமே இல்லாமல் செய்துவிடுகிற இடங்கள் நிறைய: கடையிலோ ரியூசன் நிலையத்திலோ வைஃபை எட்டவில்லையென்று பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து அதன் லான் துளையில் வயரைச் செருகுவார்கள். அது தானும் முகவரி கொடுக்கத் தொடங்கும். பாதிக் கணினிகளுக்கு 192.168.0 இல் முகவரி, மீதிக்கு 192.168.1 இல்; பிரிண்டர் சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது. இரண்டாவது ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, அதற்கு முதல் ரவுட்டர் பங்கிடாத 192.168.1 முகவரி ஒன்றைக் கொடுத்தால் சரி. நிர்வகிக்கக்கூடிய சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி இருப்பதே இப்படி வேறொன்று முகவரி கொடுப்பதைத் தடுக்கத்தான். முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு: எந்த டிஎச்சிபியும் பதில் தரவில்லை.

வலையைச் சிறு வலைகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கைக் கையால் போடுங்கள், கணக்குப் போட்டுத் தரும் தளங்களில் தட்டிப் பார்க்காதீர்கள். /26 (முகவரியின் 32 பிட்டில் முதல் 26 வலையைக் குறிக்கும்) என்றால் 64 முகவரிகள், கருவிகளுக்கு 62. 192.168.1.60 உம் 192.168.1.70 உம் அதில் ஒரே வலையில் இல்லை. ரவுட்டர் இல்லாமல் கதைக்காது. ஏன் என்று தாளில் எழுதிக் காட்ட முடிகிற வரை மேலே போகவேண்டாம்.

ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியையும் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் சேவை நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வீட்டுக் கமராவுக்காக ரவுட்டரில் எத்தனை தடவை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து இணைப்பு வராது.

கேபிளை அலட்சியம் செய்யவேண்டாம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆம் கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வேகம் 100 இலேயே நின்றால் முதலில் 4, 5, 7, 8 ஐப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினியக் கம்பி வளைத்தால் முறியும்; கேபிள் வழியே மின்சாரம் எடுக்கும் கமராவுக்கு அது உதவாது.

ஸ்கான் செய்வது (திறந்திருக்கும் போர்ட்களைத் தேடுவது) உங்கள் கருவிகளை மட்டும். அனுமதியில்லாமல் பிறருடைய கணினிக்குள் நுழைவது இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். பக்கத்து வீட்டு வைஃபையும் அதற்குள் வரும். ஸ்கான் செய்யும் கருவியான என்மேப்பைப் பழக, அதன் ஆக்கியோரே ஸ்கான்மீ என்ற பயிற்சிச் சேர்வர் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு வலையமைப்பைக் கணினிக்குள்ளேயே கட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் இலவச பாக்கெட் டிரேசரில் இரண்டு சுவிட்ச், ஒரு ரவுட்டர் போட்டு, விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலை) இரண்டாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு 80 ஆம் போர்ட்டை மட்டும் தடுக்கும் ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) எழுதுங்கள். எல்லாப் போக்குவரத்துமே நின்றுபோனால் பயப்படவேண்டாம். அந்தப் பட்டியலில் நாம் எழுதாமலேயே கடைசியில் "மற்றதெல்லாம் மறு" என்று ஒரு வரி இருக்கிறது; அதற்கு மேலே அனுமதி வரியைச் சேருங்கள்.