பொன்னியின் செல்வன்: வாராவாரம் படித்த கதை இரண்டே முக்கால் மணி நேரத்தில்

"பொன்னியின் செல்வன் நாவலில் கிடைத்த நிறைவு படத்தில் ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். இயக்குநரைக் குறை சொல்லும் முன் நேரக் கணக்கைப் பாருங்கள்.

கல்கி இதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். வாசகர் அடுத்த இதழுக்கு ஏழு நாள் காத்திருக்கணும், அதனால்தான் பல அத்தியாயங்கள் சரியாக யாரோ வந்து நிற்கும் இடத்தில், யாரென்று சொல்லாமலே முடியும். அதே சமயம் இடத்துக்குப் பஞ்சமில்லை, தீவிர வைணவனான ஆழ்வார்க்கடியான் ஒரு சைவரோடும் அத்வைதியோடும் மல்லுக்கு நிற்பதை ஆற அமரச் சொல்ல முடிந்தது.

2022, 2023-இல் வந்த இரண்டு படங்களும் தலா சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். ஐந்து பாகம் அதற்குள் அடங்கணும், நடுவில் இடைவேளை வேறு. அப்போது முதலில் அடிபடுவது கிளைப் பாத்திரங்கள்தான். நாவலில் வரும் கடம்பூர் இளவரசி மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை, அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆனால் முதல் படத்தின் முடிவைப் பாருங்கள்: கப்பல் மூழ்குகிறது, சோழ இளவரசன் அருள்மொழிவர்மன் கடலுக்குள், ஒரு வயதான பெண் நீருக்குள் பாய்கிறாள், அவள் முகம், சோழர்களைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியின் முகம். அந்த ஒரு முகத்தைக் காட்டி பார்வையாளரை மாதக்கணக்கில் காக்க வைத்தார்கள், கல்கி வாரம் தவறாமல் செய்த அதே வேலை. எட்டு, பத்து எபிசோட் தொடராக எடுத்திருந்தால் மணிமேகலை நிச்சயம் பிழைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.