செந்தூலில் வாடகை வீடு: கேஸ் வாங்குவதா, இன்டக்ஷனிலேயே சமைப்பதா?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பிளாட்டுக்கு மாறுகிறீர்கள், வீட்டுக்காரர் இன்டக்ஷன் அடுப்பு ஒன்று வைத்திருக்கிறார், கேஸ் தோம்பு (சிலிண்டர்) வாங்கினால் மாதச் செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் எத்தனை பேர், ஏர்கோன் உண்டா என்று சொல்லவில்லையே? அது தெரியாமல் எது மலிவு என்று சொல்ல முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.

கேஸ் கணக்கு சுலபம். அரசாங்கம் கிலோ 1.90 வெள்ளி (ரிங்கிட்) என்று விலையைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால் 14 கிலோ தோம்பு 26.60 வெள்ளி, கடைக்காரர் மாடி ஏறிக் கொண்டு வந்தால் மேலே கொஞ்சம் கேட்பார். அந்தத் தோம்பில் இருக்கும் சூடு ஏறக்குறைய 180 யூனிட் கரண்டுக்குச் சமம். ஆனால் நெருப்பு சட்டியைச் சுற்றி வெளியே போவதுதான் அதிகம், பாதிகூடப் பாத்திரத்தில் இறங்காது, 80 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டக்ஷனில் அந்த விரயம் இல்லை, நூற்றுக்கு 85 பங்கு போல சட்டிக்கே போகும். அதனால் ஒரு தோம்பு செய்யும் வேலையை இன்டக்ஷன் 95 யூனிட்டில் முடித்துவிடும்.

இனிதான் சிக்கல். 2025 ஜூலையிலிருந்து தீபகற்ப மலேசியாவில் மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குக் கரண்ட் அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 44.43 சென், அதிலிருந்து குறைவாகப் பயன்படுத்துபவர்களுக்குக் கழிவு. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் 25 சென் கழிவு, 400-ஐத் தொடும்போது 17 சென், 401 ஆனால் 14.5 சென். இந்தக் கழிவு கடைசி சில யூனிட்டுக்கு மட்டும் இல்லை, மொத்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்துதான். அதாவது 400 யூனிட்டுக்கு 109.72 வெள்ளி கட்டுகிறவர் இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடினால் 120 வெள்ளி கட்டணும்! பலருக்கு இது தெரியாது, பில்லைப் பார்த்துவிட்டு மீட்டர் கோளாறு என்று சண்டைக்குப் போவார்கள்.

எங்கள் வீட்டில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் நான்கு பேர். சீனப் புத்தாண்டு நேரத்தில் தோம்பு தீர்ந்துபோச்சு, கடை அடைப்பு, அவசரத்துக்கு ஒரு இன்டக்ஷன் வாங்கி, வாங்கியாச்சே என்று ஒரு மாதம் முழுக்க அதிலேயே சமைத்தோம். வழக்கமாக 380 யூனிட் போல வரும், 104 வெள்ளி. அந்த மாதம் 440, பில் 131 வெள்ளிக்கு மேல். அந்த 60 யூனிட் சமையலை கேஸில் செய்திருந்தால் 17 வெள்ளியோடு போயிருக்கும்.

ஆனால் நீங்கள் ஒரே ஆள், ஏர்கோன் போடாமல் 150 யூனிட்டில் ஓட்டுகிறவர் என்றால் கதை தலைகீழ். உங்களுக்கு யூனிட் 19.43 சென்தான். மாதம் 20 யூனிட் சமையலுக்குப் போனால் நான்கு வெள்ளிகூட ஆகாது, அதே சமையல் கேஸில் ஐந்தரை வெள்ளியைத் தாண்டும், அதோடு தோம்புக்கு முன்பணம், ரெகுலேட்டர், ரப்பர் குழாய் என்று தனிச் செலவு. தோம்பே வேண்டாம்.

600-ஐத் தாண்டுகிற வீடுகளுக்கு இன்னும் மோசம். அங்கே மாதம் 10 வெள்ளி நிலையான கட்டணம் (பில்லில் retail charge) சேரும், தாண்டிய யூனிட்டுக்கு 8% சேவை வரியும் உண்டு. அந்த வீடுகளில் அடுப்பைப் பற்றி யோசிப்பதைவிட ஏர்கோனையும் குளியலறை ஹீட்டரையும் முதலில் பார்ப்பது மேல்.

பணத்தை விடுங்கள், மண்சட்டி மீன் குழம்பு இன்டக்ஷனில் ஆகாது, அப்பளம் சுட முடியாது. இரும்புத் தோசைக்கல் அடி தட்டையாக இருந்தால் சரியாகவே வேலை செய்யும், எங்கள் அம்மாவே ஒத்துக்கொண்டார். கடைசியில் தோம்பு வாங்குவது என்று முடிவானால் முன்பணம் கட்டிய ரசீதைத் தொலைக்காதீர்கள், வீடு காலி செய்யும்போது அது இல்லாமல் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்.